இன்னொரு உள்ளங்கை

"ஏல, உன் தாங்கி என்னைய ஒரு பெரியவர் மடியில உக்கார வச்சிட்டுல."

பூமாரி அக்கா இதைச் சொன்னபோது தென்காசி டிப்போவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். போன் அவள் கழுத்துப் பையில் தொங்கியது. வீடியோவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதி வானமும் அவளுடைய மோவாயும்தான். நான் ஃபின்லாந்தில், தாம்பெரே நகரத்துக் கிடங்கு ஒன்றில், திரும்பி வந்த சக்கர நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா ஆச்சு?"

"வண்டி கிளம்புச்சு. ரெண்டு டிக்கெட் போட்டேன். காலு ரெண்டும் பேச ஆரம்பிச்சிட்டு. 'தரை அசைகிறது, உட்கார வைக்கிறேன்'னு சொல்லி முட்டிய மடக்கிட்டு. காலி சீட்டா இருக்கு, உக்காரதுக்கு? அந்தப் பெரியவரு மடிதான் இருந்துச்சு. அவரு பாவம், 'தாயீ, அடுத்த ஸ்டாப்புல எறங்கணுமே'ங்காரு. வண்டியே சிரிக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா கண்டக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் போனது. இப்போது இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு சட்டம் மாட்டியிருக்கிறாள். அந்தச் சட்டத்தை நடத்துவதுதான் தாங்கி. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஆபரேட்டிங் சிஸ்டம். பத்து இருபது நாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நானும் அதில் ஒரு ஆள். தமிழில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்வேன், முடிந்ததைச் சரிசெய்வேன். ஆகவே அக்காவைப் பொறுத்தவரை அவள் கால் செய்யும் எல்லாத் தப்பும் நான் செய்த தப்பு.

"மத்தியானம் புனலூர் ட்ரிப்புல இன்னொரு தடவை பாக்காவளாம்" என்றாள். "இன்ஸ்பெக்டர் செங்கோட்டைல ஏறுவாரு. மலை முழுக்கக் கம்பியப் பிடிக்காம டிக்கெட் போட்டுக் காமிக்கணும். இல்லன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துருவாவளாம்."

"ஆபீஸ் வேலையும் நல்லதுதானேக்கா. மழை கெடையாது, கூட்டம் கெடையாது."

வானம் ஆடியது. அக்கா போனைப் பையிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"உக்காரதுக்கால எந்திச்சேன்?"

அவள் பின்னாலிருந்து டிரைவர் அந்தோணி அண்ணனின் குரல் வந்தது. "மாப்ள, முன்னாடி இதுல திருகாணி நெறைய இருந்துச்சுல்லா? எங்க சித்தப்பா மவன் போட்டிருந்தான். தரை எம்புட்டு ஆடினா பொறுத்துக்கிடணும், ஒரு பக்கமா எம்புட்டு சாயலாம், எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு இருக்கும்பான். இப்ப ஒத்தப் பட்டன்தான் இருக்கு. 'நட.' நடன்னா நடக்கு. வேற எந்தப் பேச்சும் கேக்க மாட்டேங்கு."

"இருந்துச்சுண்ணே. எடுத்துட்டாங்க."

"ஏன்?"

ஏன் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். சர்க்கரை மாத்திரை நமக்குக் கேட்டால் பக்கத்து வீட்டுக்கும் நாலு கொடுப்போம். பழைய மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் சித்தப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். தாங்கியின் அளவுகளையும் அப்படித்தான் பகிர்ந்தார்கள். ஒருவர் தன் காலுக்குப் பார்த்துப் பார்த்து வைத்த அளவை மொத்தமாக எடுத்து, 'சூப்பர் செட்டிங், எல்லோருக்கும் அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் விட்டார்கள். கோவில்பட்டியில் பாக்கியத்தாய் என்று ஒரு தையல்காரம்மா. நாத்தனார் அன்போடு அனுப்பிய அளவைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார். இடுப்பெலும்பு போயிற்று. அதற்கப்புறம் அவர் சட்டத்தைத் தொடவே இல்லை. அந்தப் புகாரை மொழிபெயர்த்து மேலே அனுப்பியவன் நான். படித்தவர் ஹெலி, தாங்கிக்குப் பொறுப்பாளர். அடுத்த பதிப்பில் எல்லா அளவும் பூட்டப்பட்டு ஒரே பட்டன் ஆனது. ஒரே பட்டன் வந்த பிறகு யாரும் விழுந்ததாகப் புகார் இல்லை. அதுவும் உண்மை.

ஹெலியைக் கூப்பிட்டேன். அவர் வடக்கே ஒலு நகரத்தில் இருக்கிறார். நாங்கள் பேசுவது உடைந்த இங்கிலீஷ், அவருக்கும் எனக்கும் ஒரே அளவு உடைந்தது.

"பூட்டு இருக்கு, சாவியும் இருக்கு" என்றேன். "எங்க அக்காவுக்கு மட்டும் திறந்துக்கவா? அவங்க கவனமா இருப்பாங்க."

"உன் அக்காவுக்குத் திறந்தால் எல்லார் அக்காவுக்கும் திறக்கணும்" என்றார் ஹெலி. "சொந்தக்காரர்களுக்குப் பின்வாசல் வைக்கிற வீடு இல்லை இது. பாக்கியத்தாய் பெயரை என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியாது. தினமும் பார்க்கிறேன்."

"அப்ப கவிழ்ந்த வண்டியிலேருந்து எழுந்து வந்தவங்க நாற்காலியிலயே உட்கார வேண்டியதுதானா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை. பூட்டைத் திறக்காமல் ஒரு வழி சொல், கேட்கிறேன்."

வழி என்னிடம் இல்லை. திரும்ப அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நீ வேலைக்குச் சேந்தப்ப ஓடுற வண்டியில நிக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. அந்தோணி அண்ணன் வண்டிய எடுத்தாரு, நான் விழுந்தேன். மீன்கூடைக்காரி ஒருத்தி சடையப் பிடிச்சு நிறுத்தினா. அடுத்த திருப்பத்துல மறுபடி விழுந்தேன். 'ஏட்டி, சீட்டு முனையில இடுப்ப ஒரு ஒட்டு ஒட்டிக்க, காலை எளக்கி வையி'ன்னா. நாலஞ்சு நாள் இப்படி யாராவது பிடிப்பாவ. அப்பறம் பிடிக்க வேண்டியதில்லாமப் போச்சு."

நான் துடைத்துக்கொண்டிருந்த நாற்காலி அப்படியே நின்றது.

தாங்கியை முதன்முதலில் மாட்டும்போது ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைப்பார்கள். அப்போது மட்டும் கால்கள் நம்மைத் தள்ளாட விடும். நாம் எப்படித் தள்ளாடுகிறோம், எப்படி மீளுகிறோம் என்று பார்த்துப் பார்த்து அளவுகளைத் தானே எழுதிக்கொள்ளும். அந்த எழுத்து அந்த எலும்புக்கும் எடைக்கும் மட்டும்தான் பொருள் தரும். இன்னொருவருக்கு அனுப்பினால் வெறும் குப்பை. ஆஸ்பத்திரியில் தரை ஆடாது. ஆகவே ஆடாத தரையை மட்டும் கற்றுக்கொண்டு அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. அதை மறுபடி திறந்தால்? திருகாணியே வேண்டாம். பஸ்ஸிலேயே தள்ளாடட்டும். பஸ்ஸிலேயே கற்கட்டும்.

ஹெலியிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில் கம்பி இருக்கிறது" என்றார். "பஸ்ஸில் விழுந்தால் யார் பிடிப்பார்கள்?"

"பஸ்ஸுல ஆள் இருக்கு ஹெலி. உங்களுக்குத் தெரியாது. எங்க ஊர் பஸ்ஸுல விழ இடமே இருக்காது."

"கால்களுக்கு அது எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விதான். இடுப்புப் பட்டையில் உள்ளங்கை வைக்கிற இடம் ஒன்று உண்டு. சட்டத்தை எழுப்ப அதில்தான் கை வைப்போம். போட்டிருப்பவரின் கை எது என்று அதற்குத் தெரியும். அப்படியானால் அது அல்லாத கை எது என்பதும் தெரியும். இன்னொருவர் உள்ளங்கை அங்கே இருக்கிற வரைக்கும் கால்கள் தள்ளாட விடட்டும், கற்றுக்கொள்ளட்டும். அந்தக் கை எடுபட்டதும் தள்ளாட விடுவதை நிறுத்தி, கற்ற வரைக்கும் வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஹெலி சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எழுது. ஆனால் அக்காவுக்குப் போவதற்கு முன்னால் நீ மாட்டிக்கொண்டு ஆடுகிற தரையில் நில். உன் உடம்பில் போடாததை இன்னொருவர் உடம்பில் போடாதே. பதிவு எனக்கு வரணும்."

ஈரக் கையுறையைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை. வாயாலேயே சொல்லிச் சொல்லி எழுதினேன். பெரிய வேலையும் இல்லை. கதவு ஏற்கெனவே இருந்தது, தாழ்ப்பாளை மட்டும் இடம் மாற்றினேன். கிடங்கின் அலமாரியிலிருந்து திரும்பி வந்த சட்டம் ஒன்றை எடுத்து, பழையதை அழித்துப் புதிய பதிப்பை ஏற்றி, என் கையைப் பதிந்து மாட்டி, என் கால்களைத் தளரவிட்டு உடம்பை அதன்மேல் சாய்த்தேன். மேற்பார்வையாளரிடம் "சோதனை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடினேன். கிடங்கு வாசலிலேயே டிராம் நிற்கும்.

டிராமில் ஏறியதும்தான் உறைத்தது. எனக்கு இன்னொரு கை வேண்டும்.

அந்த ஊரில் இரண்டு வருஷமாக அதே டிராமில் போகிறேன். ஒருவரிடமும் பேசியதில்லை. அங்கே யாரும் யாருடனும் பேசுவதில்லை. காலி இருக்கை இருந்தால் பக்கத்தில்கூட உட்காரமாட்டார்கள். அது அவர்கள் மரியாதை. நான் அந்த மரியாதைக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டிருந்தேன். தப்பாகப் பேசிவிட்டால் என்ன, யாராவது புகார் சொன்னால் என்ன, விசாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன. இத்தனையும் தலைக்குள் ஓட, டிராம் கிளம்பியது. கால்கள் தமிழில் பேசின: "தரை அசைகிறது. உட்கார வைக்கிறேன்." முட்டி மடிந்தது. நான் ஒரு அம்மாளின் காய்கறிப் பைமேல் உட்கார்ந்தேன்.

கீழே முட்டைக்கோஸ் நசுங்கியது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும், தலையில் கம்பளித் தொப்பி.

எனக்குத் தெரிந்த ஃபின்னிஷ் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "மன்னிக்கவும். என் அக்கா. பஸ். கால். உங்கள் கை. தயவுசெய்து. இங்கே." இடுப்புப் பட்டையைக் காட்டினேன். இதைக் கேட்டு ஒருவர் போலீஸைக் கூப்பிட்டிருந்தால் நான் தப்புச் சொல்லமாட்டேன்.

அவர் பையை நிமிர்த்தி வைத்தார். பிறகு வலது கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, உள்ளங்கையைப் பட்டையில் வைத்தார்.

கால்கள் இளகின. டிராம் திரும்பியது. நான் கதவுப் பக்கம் சரிந்தேன்; அவருடைய இடது கை என் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது. அடுத்த நிறுத்தத்தில் முன்னால் போனேன், மறுபடி காலர். மூன்றாவது திருப்பத்தில் இடுப்பு ஒரு ஒட்டு ஒட்டி, கால் தானாக விலகி ஊன்றியது. நின்றேன். அடுத்த திருப்பத்திலும் நின்றேன். என்னை அறியாமல், "நிக்குது, நிக்குது" என்று தமிழில் கத்திவிட்டேன். டிராமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது என்பது கடைசி நிறுத்தத்தில், அவர் எதிர்த்திசை டிராமுக்கு நடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

பதிவு ஹெலிக்குப் போனது. "சரி" என்று ஒரு சொல் வந்தது. அக்காவின் கால்களுக்குப் புதிய பதிப்பு இறங்கும்போது பஸ் தென்காசியை விட்டுக் கிளம்பிவிட்டது.

"அக்கா, யாராவது ஒருத்தர் பட்டையில கை வைக்கணும். எடுக்கக் கூடாது. நீ விழுவ, பயப்படாத."

"விழுறதுக்கு நான் எதுக்குல பயப்படணும், அதான் நாள் பூரா விழுந்துக்கிட்டிருக்கேனே." பிறகு வண்டிக்குள் திரும்பி, "ஏக்கா, பலாப்பழக்காரக்கா, கையைக் குடு. இங்கன அமுக்கிப் பிடி. எனக்கு நடை வருதான்னு பாக்கணும்."

போன் அவள் நெஞ்சில் ஆடியது. ஒரே கைகளாகத் தெரிந்தன. ஒரு கை பட்டையில், இரண்டு கை தோளில், ஒன்று பையில்.

"விடுங்கட்டி, எல்லாரும் பிடிச்சா எப்பிடிப் படிக்கும் அது? ஆட விடுங்க."

"அந்தா சாயுதா, சாயுதா."

"சாயட்டும். இந்தப் பக்கம் நான் இருக்கேன்லா."

"கண்டக்டரம்மா, மடியில உக்காந்துறாத. நான் முட்டை வச்சிருக்கேன்."

வண்டி சிரித்தது. ஆனால் காலையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. இலஞ்சி விலக்குத் திருப்பத்தில் அக்கா விழுந்தாள், பிடித்தார்கள். அடுத்ததில் பாதி விழுந்தாள். அந்தோணி அண்ணன் வேண்டுமென்றே பிரேக்கைத் தட்டித் தட்டி ஓட்டினார். பின்சீட்டிலிருந்து அவரைத் திட்டினார்கள். செங்கோட்டை வருவதற்குள் அக்கா, "கையை எடுங்கக்கா" என்றாள். எடுத்தார்கள். வண்டி ஓடியது. அவள் நின்றாள்.

"ஏல, இடுப்பு ஒட்டுது" என்றாள். "அதே ஒட்டு."

செங்கோட்டையில் இன்ஸ்பெக்டர் திருமலையப்பன் ஏறினார். நல்ல மனிதர்தான், கவிழ்ந்த பஸ்ஸில் அக்காவைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதனாலேயே மறுபடி அவளை மலையில் நிற்கவிட அவருக்கு மனமில்லை. "எம்மா, உனக்கு இது தேவையா? நிம்மதியா ஆபீஸ்ல இரு" என்றார்.

"டிக்கெட் போட வேண்டியது பாக்கி இருக்கு சார்."

புளியரை தாண்டியதும் எஸ் வளைவு வரும். அங்கேதான் அன்று பஸ் கவிழ்ந்தது. போனில் படம் துண்டு துண்டானது. ஒரு மரம், ஒரு சீட்டின் முனை, யாருடைய கூடையோ. திடீரென்று பிரேக்கின் கிறீச்சல், பல குரல்கள் ஒன்றாக ஐயோ என்றன. படம் போய்விட்டது.

கூப்பிட்டேன். போகவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். மலையில் சிக்னல் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கடைசி நிறுத்தத்தில், இரும்புக் கால்களோடு, மழையில் நின்றேன். திருத்தியது நான். தாழ்ப்பாளை இடம் மாற்றியது நான். ஹெலியின் மேஜைக்கு எதிரே இன்னொரு பெயர் ஒட்டப்படுவதை நினைத்துப் பார்த்தேன், அவருக்குச் சொல்ல வராத இன்னொரு பெயர்.

போன் அடித்தது. அந்தோணி அண்ணன், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து.

"மாப்ள, நடுரோட்டுல குரங்கு. ஒரே அமுக்கா அமுக்கிட்டேன். வண்டில ஒருத்தரும் நிக்கல பாத்துக்க. விழுந்தாச்சு."

"அக்கா?"

"அவளா? அவளுக்கென்ன. அவ நின்னா. இன்ஸ்பெக்டர்தான் விழுந்தாரு, அவ மேலயே. ஒத்தக் கையில அவரைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த கையால டிக்கெட் போட்டா. எறங்கையில கையெழுத்துப் போட்டுட்டாரு. 'நான்தான் ஆபீஸுக்குப் போணும் போல'ன்னுட்டுப் போறாரு."

நான் மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால்கள் உட்கார வைக்கவில்லை. நானாக உட்கார்ந்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களை மறந்துவிட்டேன். அடுத்த வாரமே 'பூமாரி கண்டக்டர் செட்டிங், எல்லோருக்கும் அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஹெலி பதறிக் கூப்பிட்டார். போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; இன்னொரு உடம்பின் எழுத்தைக் கால்கள் ஏற்கவே இல்லை. சில நாளில் அந்தச் செய்தி மாறியது. 'புனலூர் வண்டி, பூமாரி கண்டக்டர். சட்டம் போட்டவங்க வரலாம். பின்சீட்டுல பிடிக்க ஆள் உண்டு.' அளவைப் பகிர முடியாதென்று தெரிந்ததும், பஸ்ஸைப் பகிர்ந்துவிட்டார்கள்.

ஒரு நாள் அந்த வண்டியில் கோவில்பட்டியிலிருந்து வந்த பாக்கியத்தாய் ஏறினார், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு. அக்கா போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, நீங்கதான் என் புகாரை எழுதுனவரா?" என்றார். "அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. இவ அனுப்புன செட்டிங்கால விழுந்தேன்னு எல்லாரும் இவளைப் பேசிட்டாங்க. செட்டிங் தப்புத்தான். ஆனா இவ, 'நான் ஞாயித்துக்கிழமை வாரேன், அது வரைக்கும் போடாத'ன்னு சொல்லியிருந்தா. எனக்குத்தான் பொறுக்கல. தனியாப் போட்டேன்."

பக்கத்தில் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய மற்றொரு கை பாக்கியத்தாயின் இடுப்புப் பட்டையில் இருந்தது.

இதை ஹெலிக்குச் சொன்னேன். அவர் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல, சரியாக வரும் வரை சொன்னார்.

அன்று போனை வைக்கப்போகும்போது அக்கா கேட்டாள்: "உனக்கு யாருல கை வச்சா?"

"டிராம்ல ஒரு அம்மா. அவங்க முட்டைக்கோஸ் மேலதான் மொதல்ல உக்காந்தேன்."

"பேரென்ன?"

"கேக்கலக்கா."

"மொட்டைக்கோசை நசுக்கிட்டு, பேரும் கேக்காம வந்திருக்க. ரெண்டு வருசம் அங்கன என்னத்த இருந்த?"

மறுநாள் அதே டிராமில் ஏறினேன். சட்டம் போடவில்லை, என் சொந்தக் கால்கள்தான். சில நிறுத்தம் கழித்து அந்தக் கம்பளித் தொப்பி ஏறியது. கையில் பை. என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பையைக் கீழே வைத்து, வலது கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை என் இடுப்புப் பக்கம் கொண்டுவந்தார். அங்கே பட்டை இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

டிராம் திரும்பியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, என் பெயரைச் சொன்னேன்.